அளக்காமல் ஊற்றிய சாம்பார்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

தங்கை மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. மதியம், இதே கடலூரில் புதுப்பாளையத்திலிருந்து இனிப்போடு வந்து சொன்னான். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை பார்த்தாகிவிட்டதாம்; மூன்று பேருக்கு ஓர் அறை. அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1984 முதல் 1991 வரை நான் குடியிருந்ததும் அங்கேதான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை, அறையில் நான்கு பேர், ஆணியில் தொங்கும் நான்கு சட்டைகள்.

"அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது மாமா?" என்று கேட்டான். நான் பேச ஆரம்பித்தேன். அவன் அம்மா போனில் கூப்பிடும் வரை நிறுத்தவில்லை. விட்டுப்போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அவன் படிப்பான்.

பிப்ரவரி 3, திங்கள்

முதலில் ரத்னா கஃபே. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் இருக்கிறது. தட்டில் இரண்டு இட்லியை வைப்பார்கள். அடுத்த நிமிடம் சாம்பார்ப் பாத்திரத்தோடு ஒருவர் வந்து நிற்பார். கரண்டியால் அல்ல, அப்படியே சாய்த்து ஊற்றுவார். இட்லி முழுகும். லேசான தித்திப்பு, நன்றாகக் குழைந்த பருப்பு, தட்டிலிருந்து எழும் ஆவியிலேயே பாதிப் பசி அடங்கும். ஸ்பூனால் இட்லியை வெட்டி, சாம்பார் உள்ளே இறங்க ஒரு நிமிடம் பொறுத்துச் சாப்பிட வேண்டும். சட்னி அங்கே இரண்டாம் பட்சம்.

ஒரு மாதக் கடைசி. ஊருக்கு மணியார்டர் அனுப்பியது போக, ஒரு தட்டு இட்லிக்குத்தான் கையில் காசு. காலையிலிருந்து டீ மட்டும் குடித்திருந்தேன். இட்லியை மெதுவாகச் சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் வந்து ஊற்றினார். சாம்பாரைக் குடித்தேன். மறுபடியும் வந்து ஊற்றினார். மூன்றாம் முறை தட்டைக் கையால் மறைக்கப் போனேன். அவர் கையை விலக்கிவிட்டு ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாக அந்தக் கையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் சாம்பார்ப் பாத்திரத்தோடு நான்தான் நிற்பேன். "இலை தாண்டி ஓடுகிறது, பார்த்து ஊற்றுங்கள்" என்பாள் மனைவி. பார்த்து ஊற்ற எனக்கு வராது.

பிப்ரவரி 5, புதன்

காலையில் முதுநகர் போய் மீன் வாங்கி வந்தேன். சங்கரா நல்ல செழிப்பு. கடலூரில் பிறந்தவனுக்கு மீன் விஷயத்தில் சென்னை எதையும் கற்றுத்தர முடியாது என்று நினைத்திருந்தேன். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாயர் மெஸ்ஸில் வஞ்சிர வறுவல் சாப்பிட்ட பிறகு அந்த நினைப்பு போயிற்று. ஒடுக்கமான இடம், தோளோடு தோள் இடிக்கும், வாழை இலையில் சுடச்சுடச் சாதம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம் வற்றாத மீன். சம்பள நாளுக்கு மறுநாள் மட்டும் போவோம்.

சம்பள நாளன்றே போவது அண்ணா சாலை புகாரிக்கு. 1951-ல் தொடங்கிய கடை அது. சிக்கன் 65 தங்களிடம்தான் 1965-ல் பிறந்தது, அதனால்தான் அந்தப் பேர் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட அங்கே டீயும் சமோசாவும் பிடிக்கும். வேலை முடிந்து கண் எரிய வெளியே வந்து அந்த டீயைக் குடித்தால், திருத்திய பிழைகள் எல்லாம் கண்ணைவிட்டு மறையும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பையன் போனில் கேட்டான்: "மாமா, மயிலாப்பூர் தூரமா?" பஸ்ஸில் போனால் பக்கம்தான். கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, மாட வீதியில் காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடிக்க வேண்டும். 1927-லிருந்து இருக்கும் பத்திரிகைக் கடை. வாரப் பத்திரிகைகளுக்கு நடுவில் நின்றபடி குளிர்ந்த ரோஸ் மில்க் குடிப்பது வேறெங்கே கிடைக்கும்? நான் முதலில் போனது பத்திரிகை வாங்கத்தான்.

ராயர் மெஸ்ஸுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். சந்துக்குள் இருக்கிறது, உள்ளே இடம் குறைவு, வெளியே காத்திருக்க வேண்டும். பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. காத்திருந்ததற்கு வருத்தப்பட மாட்டான்.

பிப்ரவரி 8, சனி

ஒன்று மட்டும் அவனுக்குக் கிடைக்காது. கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-ல் திறந்து 2008-ல் மூடிவிட்டார்கள். கார் மரத்தடியில் நிற்கும், கதவில் தட்டை மாட்டி அதன்மேல் தோசையும் காபியும் வைப்பார்கள். எங்களிடம் கார் ஏது? நால்வரும் நடந்தே போய் உள்ளே மேசையில் உட்காருவோம். ஒரு மசால் தோசை, நான்கு காபி. எத்தனை மணி நேரம் பேசினாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அறை நண்பன் ஒருவன் தன் காதலைப் பற்றி எங்களிடம் முதன்முதலாகச் சொன்னது அங்கேதான். எங்களில் ஒருவனுக்கு வேலை போனதும் அங்கேதான் பேசித் தீர்த்தோம்.

2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். பூங்கா அழகாகவே இருக்கிறது. ஆனாலும் எங்கள் மேசை இருந்த இடம் எது என்று தேடித்தேடிப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினேன். நெஞ்சு கனத்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மஞ்சக்குப்பத்தில் காலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். எங்கள் காலத்தில் பாரிமுனையில் இறங்குவோம். இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கி மாற வேண்டும். தங்கை முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். நான் பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ கொடுத்தேன். "ஓட்டலில் சாம்பார் கேட்கக் கூச்சமாக இருக்குமே மாமா" என்றான். கேட்கவே வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் நானும் மனைவியும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். சுண்டல் வாங்கினோம். மெரினாவில் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டலை இரவுச் சாப்பாடாகச் சாப்பிட்ட நாள்களைச் சொன்னேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

இரவு ஒன்பது மணிக்குப் பையன் போன் செய்தான். முதலில் அத்தோவைப் பற்றித்தான் பேசினான். பர்மா பஜார் பக்கம் அலுவலக நண்பர்கள் கூட்டிப்போனார்களாம். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்களாம், கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். நானும் எத்தனையோ இரவு சாப்பிட்டிருக்கிறேன். அதை எப்படி எழுதாமல் விட்டேன்!

பிறகு சொன்னான்: "இன்று காலை ரத்னா கஃபே போனேன் மாமா. நான் வாய் திறப்பதற்குள் வந்து ஊற்றிவிட்டார். இரண்டு தடவை."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது நான் சென்னையைவிட்டு வந்த பிறகு. அந்தக் கடைகளில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு வந்து, சென்னைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.