விடியற்காலைக் குளிரில் ஒரு டிராக்டர்

இன்று விடியற்காலையில் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் சுழன்றதே தவிர, பற்றிக்கொள்ளவில்லை.

டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தை விளக்கொளியில் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய எரிபொருள், உறையத் தொடங்கிய நெய்யைப் போல வெண்மையாகக் கலங்கியிருந்தது. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் துகள்களாகப் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிட்டால், எத்தனை முறை முயன்றாலும் பேட்டரிதான் தீரும்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அந்த வெப்பத்தைச் சில்லிட்ட சிலிண்டர் சுவர்கள் உறிஞ்சிக்கொள்ளும் நாளில், சிலிண்டரின் உட்புறத்தை மின்சாரத்தால் சூடாக்கும் குளோ பிளக் சூடேறும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

பொறுமையிழந்து, எளிதில் தீப்பற்றும் ஈதர் என்ற திரவத்தை எஞ்சினுக்குள் தெளிப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. சூடான குளோ பிளக்கில் பட்டால் அது வெடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

வடிகட்டியை மாற்றி, வெயில் ஏறக் காத்திருந்தேன். எஞ்சின் உயிர்பெற்றதும் வேகத்தைக் கூட்டாமல், குளிரில் தடித்த ஆயில் எல்லாப் பேரிங்குகளையும் எட்டும்வரை அருகிலேயே நின்றேன்.