கணவாயை விட்டும் குறையாத கொலஸ்ரோல்

மாசியில் கொடுத்த இரத்தத்தில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ரோல், 182. மருந்துக்கு முதல் மூன்று மாதம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னார் டொக்டர். திருகோணமலையில் கடலைப் பார்த்துக்கொண்டே கணவாயும் இறாலும் தொடாமல் இருப்பது லேசில்லை. இருந்தேன். அடுத்த ரிப்போர்ட்டில் 174.

எரிச்சலோடு கேட்டேன். “சாப்பாட்டில வாறது கொஞ்சம்தான் ஐயா. ஈரல் பித்தத்தோட நாளுக்கு ஒரு கிராம் அளவில சிறுகுடலுக்குள்ள இறக்கும். ரெண்டையும் சேர்த்து அரைவாசியைக் குடல் உறிஞ்சி எடுக்கும்” என்றார்.

முதல்நாள்தான் உயிரியல் படிக்கிற மகள், நல்லெண்ணெய், கச்சானிலும் ஸ்ரெரோல் என்று கொலஸ்ரோலின் இனத்துப் பொருள் இருக்கிறது, கொலஸ்ரோலைவிட வாலில் ஒரு சின்னத் துண்டு கூட, அவ்வளவுதான் என்றிருந்தாள். அப்படியென்றால் அதுவும் இரத்தத்தில் ஏற வேண்டுமே என்று டொக்டரிடம் கேட்டேன்.

அவர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். குடற்கலத்துக்குள் இரண்டும் நுழைவது ஒரே வாசலால்தான். அந்தப் புரதத்தின் பெயர் என்பிசி1எல்1. உள்ளே போனபிறகுதான் பாகுபாடு. கொலஸ்ரோலோடு கொழுப்பமிலத்தை ஒட்டி, பொதிகட்டி நிணநீருக்குள் அனுப்ப ஒரு நொதியம் இருக்கிறது. தாவர ஸ்ரெரோலை அது அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சும்மா நிற்பதை ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற புரதச் சோடி திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும். உடம்பில் சேர்வது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இந்தச் சோடி பிறவியிலேயே பழுதானவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாவர ஸ்ரெரோல் இரத்தத்தில் தேங்கி, தசைநாண்களில் கட்டி வரும், இளவயதிலேயே மாரடைப்பும் வரலாம். 1974இல் இரண்டு சகோதரிகளிடம் முதலில் கண்டறிந்தார்களாம். அவர்களுக்கு நல்லெண்ணெயும் கச்சானும் விலக்கு! நான் கணவாய்க்கே அழுதவன்.

ஈரல் கொலஸ்ரோல் செய்வதைக் குறைக்கிற ஸ்ரற்றின் குளிசை தொடங்கியதும் எனக்குத் தொடை உளைந்தது. அளவைக் குறைத்து, எசெற்றிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தார். அந்த வாசலை அடைக்கிற குளிசை அது. உளைவு போனது, அடுத்த ரிப்போர்ட்டில் 102.

நல்லெண்ணெயைக் கூட்டினால் குளிசை தேவையில்லையோ என்றும் கேட்டுப் பார்த்தேன். தாவர ஸ்ரெரோல், குடலில் கொழுப்பைக் காவுகிற பித்தநீர்த் துணிக்கைகளில் கொலஸ்ரோலின் இடத்தைப் பிடிப்பது உண்மைதான். ஆனால் எல்டிஎல் பத்து வீதமளவில் குறைய நாளுக்கு 2 கிராம் வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் கிடைப்பது சில நூறு மில்லிகிராம்.

மனைவிக்குத்தான் தோல்வி. தேங்காயில் கொலஸ்ரோல் இல்லையென்று வாதாடிக்கொண்டிருந்தா. இல்லைத்தான், அதன் நிரம்பிய கொழுப்பு, ஈரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்தெடுப்பதைக் குறைத்துவிடுமாம். இப்போது கணவாய் கிழமைக்கு ஒருதரம் உண்டு, சொதிக்குப் பாதித் தேங்காய்தான்.