பள்ளி மாறியவனுக்கு 38 மதிப்பெண்

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆண்டின் நடுவில் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். பழைய பள்ளியில் 71 வாங்கியவன், எங்கள் முதல் தேர்வில் 38 வாங்கினான். "பள்ளி மாறினால் அப்படித்தான்" என்றார்கள் சக ஆசிரியர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். பின்னம் வந்த இடமெல்லாம் இதே கதை. மற்றவற்றில் இரண்டே தவறு. விசாரித்தால், அவன் பழைய பள்ளியில் தசமம் முதலில், பின்னம் அப்புறம். எங்களிடம் தலைகீழ். ஆக, தசமத்தை இரண்டு முறை படித்தான், பின்னத்தை ஒருமுறைகூட இல்லை.

அன்றிலிருந்து, மாறி வரும் பிள்ளைகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கழித்துப் பார்ப்பது போதாது. இரண்டு பள்ளியின் 70-ம் ஒன்றல்ல. வினாத்தாள் வேறு, திருத்தும் கை வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகள் சும்மா பள்ளி மாறுவதில்லை. அப்பாவுக்கு வேலை போயிருக்கும், வீட்டில் பிரிவு வந்திருக்கும், வகுப்பில் யாராவது சீண்டியிருப்பார்கள். ஒரு பெண்ணின் பழைய மதிப்பெண்களை வாங்கிப் பார்த்தேன்: வருவதற்கு முந்தைய மூன்று தேர்விலும் இறங்கிக்கொண்டே இருந்தாள். இங்கே வந்தபின் இறக்கம் நின்றது. முன்-பின் கணக்கு மட்டும் போட்டிருந்தால், பள்ளி மாற்றம் அவளைக் கெடுத்தது என்றுதான் எழுதியிருப்பேன்.

மெஹானா, ரெனால்ட்ஸ் இருவரும் பல ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் வெளியிட்ட கட்டுரையில், மாறிய பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் மூன்று நான்கு மாதப் படிப்பு பின்தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் குடும்பச் சூழலையும் முந்தைய மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளில் இந்த இடைவெளி நன்றாகவே சுருங்குகிறது. இன்னொன்றும் உண்டு: அடிக்கடி மாறுகிற பிள்ளைக்கு ஒரு பள்ளியிலும் முழுப் பதிவு இருக்காது, அதனால் ஆய்விலிருந்தே விடுபட்டுப் போகும். அதிகம் அடிபடுகிறவர்களே எண்ணிக்கையில் வராமல் போவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அதே 2004-இல் ஹனுஷெக், கெய்ன், ரிவ்கின் மூவரும் டெக்சாஸ் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வைப் படித்தபோது என் வகுப்பு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் அதிகம் வந்து போகும் பள்ளியில், மாறாமல் இருக்கிறவர்களின் படிப்பும் பாதிக்கப்படுகிறது என்கிறார்கள். உண்மைதான். அந்தப் பையனுக்காகப் பின்னத்தை மறுபடி நடத்தியதில் ஒரு வாரம் போனது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். அந்த வாரம் அவன் மதிப்பெண்ணிலும் தெரியாது, அவர்கள் மதிப்பெண்ணிலும் தனியாகத் தெரியாது.

அதனால் இப்போது நோட்டில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: புதிதாக ஒருவர் சேர்ந்த மாதத்தில், பாடத்திட்டத்தில் நாங்கள் எத்தனை நாள் பின்தங்கினோம் என்று.