ரேடியேஷனுக்கு முன் எடுத்த படங்கள்: என் மலக்குடல் புற்றுநோய் அனுபவம்

மலக்குடலில் கட்டி, அது புற்றுநோய்தான் என்று பயாப்ஸியில் உறுதியானதும் படம் மேல் படமாக எடுத்தார்கள். எந்தப் படம் எதற்கு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் பயத்தில் பாதி குறைந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மார்பு, வயிறு சிடி ஸ்கேன் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க. அது சீக்கிரம் முடிந்தது. முக்கியமானது இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ. சத்தமான குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, அதற்கு வெளியே மெல்லிய உறை ஒன்று. அறுவை சிகிச்சையில் அந்த உறையோடு சேர்த்து எடுப்பார்கள். கட்டிக்கும் உறைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்பதை எம்ஆர்ஐதான் தெளிவாகக் காட்டும். 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், வெட்டும் ஓரத்தில் நோய் தங்கிவிடும் ஆபத்து அதிகம். என் கட்டி உறையை ஒட்டியே இருந்தது. அதனால் முதலில் ரேடியேஷனும் கீமோ மாத்திரையும், அறுவை சிகிச்சை பிறகு என்று முடிவானது.

அப்புறம் பிளானிங் சிடி, அதாவது ரேடியேஷனைத் திட்டமிட எடுக்கும் சிடி. ஏற்கெனவே சிடி எடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். இது நோயைத் தேட எடுப்பது இல்லை. சிகிச்சை இயந்திரத்தில் எப்படிப் படுப்போமோ, அதே தட்டையான கட்டிலில், அதே கால் தாங்கியோடு படுக்க வைத்து எடுக்கிறார்கள். எந்தத் திசு எவ்வளவு அடர்த்தி என்பது சிடியில் எண்ணாகவே பதிவாகும். கதிர் உடலுக்குள் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறையும் என்று கணிப்பொறி அதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. கட்டியின் விளிம்பு எம்ஆர்ஐயில் தெளிவு, அடர்த்தி சிடியில் தெளிவு. அதனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். படம் எடுத்து முடித்ததும் அடிவயிற்றிலும் இரண்டு பக்க இடுப்பிலும் ஊசியால் சிறு புள்ளிகள் குத்தினார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை தினமும் அந்தப் புள்ளிகளில் நிறுத்தித்தான் நம்மைச் சரியாகப் படுக்க வைப்பார்கள்.

ஸ்கேன் முடிந்தும் சிகிச்சை தொடங்காமல் நாட்கள் போயின. கட்டி வளர்ந்துவிடுமோ என்று தூக்கமில்லை. என் நிலை தெரிந்து, டாக்டர் ஒருநாள் திரையில் காட்டினார். ஒவ்வொரு படத் துண்டிலும் கட்டியைச் சுற்றி ஒரு கோடு. அதற்கு வெளியே கொழுப்புப் படலத்தையும் நிணநீர்க் கணுக்கள் இருக்கும் இடங்களையும் சேர்த்து இன்னொரு கோடு. தினசரி அசைவுக்காக அதற்கும் வெளியே கொஞ்சம் இடம். சிறுகுடல், சிறுநீர்ப்பை, தொடை எலும்பின் தலை, இவையெல்லாம் காப்பாற்ற வேண்டியவை என்று தனித்தனி நிறத்தில். பிறகு இயற்பியலாளர் கதிரின் கோணங்களையும் அளவையும் திட்டமிட்டுச் சோதிப்பார். நீண்ட முறையில் பொதுவாக 45 முதல் 50 கிரே (கதிர் அளவின் அலகு) வரை 25 முதல் 28 அமர்வுகளில் தருவார்கள். குறுகிய முறையில் 5 அமர்வுகளில் 25 கிரே. எனக்கு நீண்ட முறை. அந்தக் கோடுகளைப் பார்த்தபின் காத்திருப்பது வீணாகத் தெரியவில்லை.

நோயாளியின் பங்கு பெரிதாக இருப்பது சிறுநீர்ப்பை விஷயத்தில். பிளானிங் சிடிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளிவிடும். கதிர் படும் குடல் குறையும், வயிற்றுப்போக்கும் குறையலாம். ஆனால் அந்த நிலை தினமும் அமைய வேண்டும். அவர்கள் போட்ட கோடு அன்றைக்கு என் உடல் இருந்தபடி. மறுநாள் சிறுநீர்ப்பை பாதிதான் நிறைந்திருந்தாலோ மலக்குடலில் வாயு தேங்கியிருந்தாலோ கட்டியே இடம் மாறிவிடும்.

இதைச் சரிபார்க்கத்தான் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் அதே இயந்திரத்திலேயே ஒரு சிறிய சிடி எடுத்து, திட்டப் படத்தோடு ஒப்பிட்டார்கள். ஒருமுறை வாயு அதிகம் என்று கட்டிலிலிருந்து இறக்கி, நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். எல்லோரும் வெளியே காத்திருக்கும்போது சங்கடமாக இருந்தது. ஆனாலும் அவர்கள் அப்படி நிறுத்தியதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். வாயு சேர்க்கும் உணவைக் குறைத்தேன். மலச்சிக்கல் என்றால் உடனே சொன்னேன். கடைசி வாரங்களில் எரிச்சலால் சிறுநீரை அடக்கவே முடியவில்லை. மறைக்காமல் சொல்லிவிடுங்கள், குறைவாக நிறைந்திருந்தாலும் போதுமா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். எடை நன்றாகக் குறைந்தாலும் படத்தில் தெரியும். தேவைப்பட்டால் பிளானிங் சிடியை மறுபடி எடுத்துத் திட்டத்தை மாற்றுவார்கள்.

சிகிச்சை முடிந்த உடனே எம்ஆர்ஐ எடுக்கவில்லை. கட்டி சுருங்கச் சில வாரங்கள் வேண்டும் என்றார்கள். கட்டி இருந்த இடத்தில் தழும்பு உருவாகும்; மிச்ச நோயையும் தழும்பையும் சாதாரண எம்ஆர்ஐ படத்தில் பிரித்தறிவது கடினம் என்பதால், நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் சேர்த்து எடுப்பார்கள். கூடவே விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும். அந்த எம்ஆர்ஐக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும் என்பதால் முதல் எம்ஆர்ஐ படங்கள் உள்ள குறுந்தகட்டை இப்போதே கோப்பில் எடுத்து வைத்துவிட்டேன்.