குடமுருட்டிக் கரையில் ஒரு தங்குமில்லமும் மூன்று ஏக்கர் நஞ்சையும்

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்து, காவிரியின் கிளையாறான குடமுருட்டியின் பாசனத்தில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டை விருந்தினர் தங்குமில்லமாக்கியபோதே, அதையொட்டிய மூன்று ஏக்கரிலும் இரசாயன உரமின்றிச் சாகுபடி செய்வதென்று முடிவெடுத்தோம். வீட்டு வேலை எளிதாக முடிந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்குமில்லத் திட்டப்படி உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், வாடகை அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. எங்களிடம் இருந்தவை நான்கே.

நிலத்தில்தான் சிக்கல். டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிறது. மேல்மடைக்காரர் யூரியா இட்ட மறுநாள் அந்தத் தண்ணீர் நம் பயிரில் நிற்குமானால், நாம் இடாத உரத்துக்கும் நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே முதற்செலவை விதைக்கோ எருவுக்கோ செய்யாமல், கிளை வாய்க்காலிலிருந்து எங்கள் வயலுக்கு நேராகத் தண்ணீர் வரும்படி தனி வாய்க்கால் வெட்டுவதற்குச் செய்தோம். அதற்குப் பக்கத்து வயலின் வரப்போரம் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. கோடை உளுந்துக்கு எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சின் பேரில் அந்த வயல்காரர் இசைந்தார். மேல்மடையை ஒட்டிய பட்டையில் விளைவதை இன்றும் தனியாக அறுத்துச் சாதாரண நெல்லாகவே விற்கிறோம்.

இயற்கை விளைபொருள் என்ற சான்றுக்குப் பங்கேற்பு உறுதியளிப்பு முறையைத் தேர்ந்தோம். அதில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சோதிக்க வேண்டும். களைக்கொல்லி பட்டுக் கருகிய வரப்பை வெளியூர் ஆய்வாளர் கவனிக்காமல் போகலாம். அடுத்த வயல்காரர் விடமாட்டார். இரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு நிலம் மாறும் மாற்றக்காலம் முடியும்வரை விளைச்சலை முழுமையான இயற்கை விளைபொருள் என்று விற்க இயலாது. அந்த இடைக்காலத்தைத் தாங்கியது எங்கள் சமையற்கட்டுதான்: தூயமல்லிச் சோறு, மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி, கொல்லைக் கீரை, உளுந்து வடை என்று விளைந்ததில் பெரும்பங்கு விருந்தினர் இலையிலேயே செலவானதால், வியாபாரி சொல்லும் விலைக்கு இறங்கிவர நேரவில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கமென்றாலும் நாங்கள் குறுவை நடுவதில்லை. அந்தத் தண்ணீரில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பாவுக்குப் போகிறோம். குறுவை வருமானம் போகிறதே என்று ஊரில் கேட்காதவர் இல்லை. கோடை விடுமுறைக்குப் பின் ஆட்களின் கைக்கு ஓய்வு கிடைக்கும் அந்த மாதங்களில்தான் ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நடக்கின்றன என்பதால், எங்கள் கணக்கில் அது இழப்பாகத் தெரியவில்லை.

நெருக்கடி தை மாதத்தில் வரும். திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு வருவோரால் அறைகள் நிறையும்போதே அறுவடையும் தொடங்கும். உயரமாக வளரும் மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்துவிட்டால் இயந்திரத்தை நம்ப முடியாது. ஆளறுப்புதான், கூலியும் கூடுதல்தான். அந்தக் கூடுதலை அறை வாடகையில் ஏற்றாமல் அரிசி விலையில் ஏற்றினோம், ஏனெனில் வாடகையைத் தங்குவோர் அனைவரும் கொடுத்தாக வேண்டும், அரிசியை விரும்பியவர் மட்டுமே வாங்கிச் செல்கிறார்.