எரிந்த சரிவில் மூன்று காலைகள்

ஏற்காடு மலைப்பாதையை ஒட்டிய கீழ்ச்சரிவு எரிந்து நான்காம் நாள், கேமராவோடு கிளம்பினேன். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எடுத்ததெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளின் தடுப்புச் சுவரோரம் நின்று எடுத்ததுதான்.

முதல் நாள் எடுத்த 60 படங்களில் ஒன்றும் தேறவில்லை. கரிக்கட்டைகள் சிமெண்ட் நிறத்தில் வந்திருந்தன. கேமராவின் ஒளிமானிக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம்தான்; கறுப்பைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொடுத்துவிடும். கல்யாண வீடுகளில் வெள்ளை வேட்டிக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படி, கூட்டிப் பழகிய கை என்னுடையது. இங்கே குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு, காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றினேன். சென்சாரில் சாம்பல் ஏறி, வானத்தில் ஏழு புள்ளிகள்.

இரண்டாம் முறை ஒன்றரை ஸ்டாப் குறைத்தேன். கரி கரியாகவே நின்றது. பட்டை, கோடையில் ஏரி வண்டல் வெடிப்பதுபோலக் கட்டம் கட்டமாகப் பிளந்து, காலை வெயிலில் ஒவ்வொரு கட்டமும் மினுங்கியது. லென்ஸ் முன்னால் மாட்டும், மினுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரைத் திருப்பி, மினுக்கத்தை முழுதாக எடுத்துப் பார்த்தேன். மரம் தார் பூசிய கம்பம்போல ஆகிவிட்டது. பாதி திருப்பி விட்டுவிட்டேன்.

அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. மேல் வளைவிலிருந்து குனிந்து பார்த்தால் உசிலை மரங்கள் அத்தனையும் ஆளுயரத்துக்கு மேல் கறுத்திருந்தன. கீழ் வளைவுக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தால் அதே மரங்களில் கணுக்கால் அளவுதான் கறை. தீ அடிவாரத்திலிருந்து மேலேறும்போது, தண்டின் மேட்டுப்பக்கத்தில் சுழன்று அங்கேதான் உயரமாக எரிகிறது. ஒரே மரத்தை இரண்டு வளைவிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்தேன். தம்பி இரண்டும் வேறு வேறு மரம் என்று சாதிக்கிறான்.

ஒரு கோடை மழைக்குப் பிறகு மூன்றாம் முறை. ஈச்சம் புதர்கள் கரிந்த அடியிலிருந்து குருத்து விட்டிருந்தன. அவற்றை முந்திக்கொண்டு உண்ணிச்செடியும் வேர்க்கட்டையிலிருந்து தழைத்திருந்தது. உள்ளூர்ச் செடிகளை நெருக்கி, காய்ந்தால் தீக்கு விறகாகும் செடி. கறுப்புப் பின்னணியில் அந்தப் பச்சை அப்படிப் பளிச்சிட்டது. மூன்று நாளில் கிடைத்த நல்ல படம் அதுதான் என்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.