எழுவாய் இல்லாத ஆய்வேடுகள்

முதுகலைத் தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகளில் என் சிவப்புப் பேனா அதிகமாக வட்டமிடும் சொல் ‘அறியமுடிகிறது’. அடுத்து ‘புலப்படுகிறது’. அதற்கடுத்து ‘எனலாம்’. மார்ச் பிறந்துவிட்டால் மேசையில் வரைவுகள் குவியும். எதைப் பிரித்தாலும் முதல் பத்தியிலேயே இந்த மூன்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும். யார் அறிந்தது, யாருக்குப் புலப்பட்டது, யார் சொன்னது என்று தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்.

நெல்லைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. எங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டின் முதல் பட்டதாரிகள். பிழை என்றாலே அவர்கள் பயப்படுவது ஒற்றுப்பிழைக்குத்தான். “ஐயா, இந்த இடத்துல ‘ப்’ வருமா, வராதா?” என்று வராந்தாவில் மறித்துக் கேட்பார்கள். ஒற்று முக்கியம்தான், மறுக்கவில்லை. ‘வேலை பார்த்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைப் பார்த்தான்’ என்றால் முருகன் சந்நிதியில் நிற்கிறான். ஆனால் இதைப் பழகிக்கொள்ளலாம். இப்போது எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி என்று இணையத்திலேயே திருத்திகள் இருக்கின்றன. அவை காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், ஏன் காட்டுகிறது என்று நன்னூலைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு பருவத்தில் முக்கால்வாசி சரியாகிவிடும். ‘ஒவ்வொரு கவிஞர்களும் பாடியுள்ளார்’ போன்ற ஒருமை பன்மை மயக்கமும் அப்படித்தான். வாக்கியத்தைச் சுருக்கினால் தானே ஓடிவிடும். ‘அது அல்ல’ என்று எழுதுவதை நான் வட்டமிடுவதில்லை. பக்கத்து மேசைக்காரர் வட்டமிடுவார். ஒருமைக்கு ‘அன்று’தான் என்று திருத்தி, எனக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்.

ஆள் இல்லாத வாக்கியத்துக்குத் திருத்தி கிடையாது. இலக்கணப்படி அதில் பிழையே இருக்காது. செயப்பாட்டு வினை தமிழில் இல்லாததல்ல, தேவையான இடமும் உண்டு. ஆனால் ஆய்வேட்டில் அது வந்து குவிவதற்குக் காரணம் வேறு என்பது என் எண்ணம். விஷயம் கைக்கு வராதபோது மாணவர்கள் ‘படுகிறது’ என்பதில் போய் ஒளிந்துகொள்கிறார்கள்.

ஒரு மாணவி பீடித் தொழிலாளர் வாழ்வைப் பற்றி எழுத வந்தார். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் பகுதியில் பீடி சுற்றாத தெரு குறைவு. அவர் கொண்டுவந்த முதல் அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி: ‘பீடித் தொழிலாளர்களுக்குக் குறைந்த கூலி வழங்கப்படுவதால் அவர்கள் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாக்கப்படுகின்றனர் என்பது அறியமுடிகிறது.’

“யாரும்மா கூலி கொடுக்கா?” என்று கேட்டேன்.

“கம்பெனிதான் ஐயா.”

“கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்து கொடுக்காரா?”

“இல்ல ஐயா, கடையில கொடுப்பாங்க. எங்கம்மாவே சுத்துதாங்க. கடையிலதான் இலையும் தூளும் வாங்குவாங்க. சுத்திக் கொண்டுபோனா எண்ணிப் பார்த்து, சரியில்லாதத கழிச்சிருவாங்க. கழிச்சதுக்குக் கூலி கிடையாது.”

அவர் பேசப் பேச எனக்கு வியப்பு. இலையை நனைத்துவைப்பது, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிப்பது, மடியில் தட்டோடு உட்கார்ந்து ஆயிரத்துக்குக் கணக்குப் பண்ணுவது, இலை மட்டமாக வந்த வாரத்தில் எண்ணிக்கை குறைந்தால் அந்தக் குறையை அம்மாவே சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்டுவது என்று எல்லாம் வாயில் இருந்தது. எழுத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “இதெல்லாம் ஆய்வேட்டுல எழுதலாமா ஐயா?” என்கிறார்.

அங்கிருந்துதான் நூலகத்துக்கு அனுப்பினேன். பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. அதைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை வேண்டாம், சட்டத்தையே படித்துவிட்டு வாருங்கள் என்றேன். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று முதலில் தயங்கினார். சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழி ஒருவரோடு உட்கார்ந்து வரையறைப் பகுதியை மட்டும் படித்து வந்தார். முதலாளியோ ஒப்பந்தக்காரரோ மூலப்பொருள் கொடுத்து, வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறவரையும் அந்தச் சட்டம், 2025 நவம்பரில் விலக்கப்படும் வரை, தொழிலாளர் என்றே ஏற்றது. ஆக, இலையையும் தூளையும் கொடுத்தது யார் என்பது சட்டத்துக்கே முக்கியமான கேள்வி. ‘கூலி வழங்கப்படுகிறது’ என்று எழுதினால் அந்தக் கேள்வியே மறைந்துபோகிறது.

திருத்தி எழுதிய வரி இது: ‘கடைக்காரர் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுக்கிறார், சுற்றிய பீடியை எண்ணி வாங்குகிறார், தரமில்லை என்று அவர் கழிப்பவற்றுக்குக் கூலி இல்லை.’ பெரிய நடையழகு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வினைக்கும் ஆள் இருக்கிறார். சொல்தேர்வு பற்றி நான் அவருக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை. ‘இன்னல்’ தானாகவே போய்விட்டது. அந்த இடத்தில் தோள்வலி, கண்ணெரிச்சல், இருமல் என்று வந்திருந்தது.

மேற்கோள் விஷயத்திலும் இதே கதைதான். ‘கற்கை நன்றே கற்கை நன்றே பிச்சை புகினும் கற்கை நன்றே’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஔவையார் என்று எழுதாத ஆய்வேடு அபூர்வம். அது அதிவீரராம பாண்டியரின் வெற்றி வேற்கையில் இருப்பது. ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’ என்பதும் அதே நூல்தான். அதையும் ஔவை கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்பதைப் பாரதியின் கவலையாக எடுத்துக்காட்டி இரண்டு பக்கம் எழுதியவரும் உண்டு. இரண்டு வரி தள்ளிப் படித்திருந்தால் ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்று பாரதி சொல்வது கண்ணில் பட்டிருக்கும். தமிழ்த்தாயின் வாய்மொழியாக வரும் பாட்டில், யாரோ ஒரு பேதையின் பேச்சாக வரும் வரி அது. பேசுகிறவர் யார் என்று பார்க்காமல் மேற்கோளைத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கை இப்போது நான் ஏற்பதில்லை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து இலக்கியங்களை மின்னுரையாக்கி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் படவடிவில் கிடக்கின்றன. சென்னைக்குப் போக முடிந்தால் கன்னிமாரா இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. ஒன்றே ஒன்று வற்புறுத்துவேன்: ‘புறநானூறு, பக். 212’ என்று எழுதாதீர்கள். எந்தப் பதிப்பின் 212? உ.வே.சா. 1894இல் பதிப்பித்ததா, போன வருடம் பேருந்து நிலையத்தில் வாங்கியதா? பாட்டெண் போட்டால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடிப் பிடித்துவிடுவார்.

முன்பெல்லாம் இந்தப் பழக்கங்கள் ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) படிப்பில் வந்துவிடும். ஓராண்டு தடுமாறிவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போவார்கள். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறையோடு அந்தப் படிப்பு நின்றுபோனது. எங்கள் துறையைப் பொறுத்தவரை முதுகலையின் கடைசிப் பருவ ஆய்வேடு ஒன்றுதான் இப்போது பயிற்சிக்களம். சில மாதங்களில் தலைப்பு, தரவு, எழுத்து, தட்டச்சு, நூற்கட்டு எல்லாம் முடிய வேண்டும். தட்டச்சுக் கடையில் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தால் கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒப்புமை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று சான்றிதழ் வரும், மாணவரும் மகிழ்வார். மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அந்தப் பத்தையே பிள்ளைகள் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். எடுத்ததற்கு மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் போட்டாயா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். யுனிகோடில் இல்லாத வரைவை நான் தொடுவதே இல்லை.

இந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிய அத்தியாயங்கள். ஒற்றுப்பிழை குறைவு, ‘படுகிறது’ ஏராளம், துணைநூற்பட்டியலில் எந்த நூலகத்திலும் இல்லாத நூல்கள். இதற்காக ஒரு விதி வைத்தேன்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கத்தையும், அதன் பின்புறம் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக் காட்ட வேண்டும். முதல் வாரமே சிலருடைய பட்டியல் பாதியாக இளைத்துவிட்டது. படத்தை மட்டும் எடுத்துவிட்டு நூலை அலமாரியிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பொருளடக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்பேன். அதனால் இப்போது பொருளடக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து வருகிறார்கள்.